சிவப்புப் புள்ளிக் கண்ணாடி

அத்தியாயம் 9

மேசை மேல் மூன்று மூக்குக் கண்ணாடிகள் இருந்தன. மூன்றும் ஒரே கறுப்பு ஃபிரேம், ஒரே அளவு. காதில் மாட்டும் பகுதியின் உள்பக்கம் மட்டும் ஒன்றுக்கொரு நிறத்தில் புள்ளி: ஒன்றில் வெள்ளை, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சிவப்பு.

மூன்றிலும் பவர் கிடையாது.

அதுதான் கமாவைக் காலையிலிருந்து குடைந்துகொண்டிருந்தது. செய்தித்தாளின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். எழுத்து பெரிதாகவும் ஆகவில்லை, சிறிதாகவும் ஆகவில்லை. வலது பக்கக் கண்ணாடி மட்டும் ஒரு ஓரம் தடித்து மறு ஓரம் மெலிந்து, வெட்டி வைத்த கேக் துண்டு போல இருந்தது. வெள்ளையில் அந்தத் தடிப்பு கொஞ்சம், மஞ்சளில் அதைவிடக் கூடுதல், சிவப்பில் ரொம்ப. போதாததற்குச் சிவப்பின் மேல் விளிம்புக்கு உள்ளே, மயிரிழை போல ஒரு கம்பி வளைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. எதைப் பிடித்துக்கொள்ள அந்தக் கம்பி? யாருக்குத் தெரியும்.

ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுத்த மனிதர், தனக்கென்று பவரே இல்லாத கண்ணாடியை ஒன்றுக்கு மூன்றாக எதற்குச் செய்துகொண்டார்?

அவரையே கேட்கலாமென்றால் அவர் இல்லை. போன வாரம் கடையைச் சாத்திவிட்டு வந்து, வீட்டு மாடிப்படி ஏறும்போது விழுந்தார். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நாடி இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

வழக்கைக் கொண்டுவந்தவள் அவருடைய மகள். கண்ணாடிக் கடையில் அப்பா கண்ணை அளப்பார், அவள் மெஷினில் உட்கார்ந்து கண்ணாடியைத் தீட்டுவாள். அன்று வந்தபோதுகூட அவள் நக இடுக்கில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. அழவில்லை. அப்பாவின் இரண்டாவது மனைவியை அவள் சித்தி என்று சொல்லவில்லை, அந்தம்மா என்றாள். அந்தம்மாவுக்கு இதய நோய். தினமும் அதற்கு மாத்திரை. அதே மாத்திரையை அளவுக்கு மீறிக் கொடுத்தால் இதயத் துடிப்பு இறங்கி நின்றுபோகும், கண் பார்வையும் கெடும் என்று அவசரப் பிரிவு டாக்டரே சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குக் கடைசி நாட்களில் கண்ணில் ஏதோ கோளாறு. சொல்லவில்லை, ஆனால் அவள் பார்த்தாள். இத்தனைக்கும் அவருடைய சிறுநீரகப் புற்றுநோய் புது மருந்தில் பாதிக்கு மேல் சுருங்கிவிட்டிருந்தது. பிழைத்து வந்துகொண்டிருந்த மனிதர் அவர்.

"இன்னைக்குச் சாயங்காலம் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன்," என்று அவள் காலையில் போனில் சொல்லியிருந்தாள். "அதுக்குள்ள நீங்க ஏதாவது கண்டுபிடிச்சா சரி. இல்லைன்னாலும் சரி."

கமாவுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. யாரையும் ஒரு வாக்கியத்தை முடிக்க விடாமல் நடுவே எதையாவது செருகுவதால் வந்த பட்டம் இது. பட்டத்தைக் கொடுத்தவர் எதிர் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டுத் துப்பறிய வந்தவர். பட்டப்பகலிலும் கைப்பையில் சின்ன டார்ச் விளக்கு இருக்கும் என்பதால் ஊருக்கு அவர் டார்ச்சம்மா. கமாவுக்கு மட்டும் அக்கா.

பொறுமை போய், கமா சிவப்புப் புள்ளிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

"அக்கா, நீங்க ரெண்டு பேரா இருக்கீங்க. ஒருத்தரையே என்னால சமாளிக்க முடியல."

டார்ச்சம்மா கண்ணைத் திறந்தார். "திரும்பச் சொல்லு."

"ஒருத்தரையே சமாளிக்க..."

"அதுக்கு முன்னாடி."

அறையில் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றான் கமா. இரண்டு மின்விசிறி, இரண்டு கதவு. தலை சுற்றுகிறது, வாந்தி வரும் போலிருக்கிறது, கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றான். மூடினான். டார்ச்சம்மா எழுந்து வந்து அவன் முகத்துக்கு நேரே விளக்கை அடித்தார்.

"கண்ணை மூடுடா."

"மூடிட்டுத்தானே இருக்கேன்."

"இடது கண் மூடியிருக்கு. வலது பாதி திறந்திருக்கு."

அந்த மயிரிழைக் கம்பி வலது இமையின் மடிப்பில் போய் உட்கார்ந்து, கீழே இறங்கவிடாமல் ஏந்திப் பிடித்திருந்தது. கடைக்காரர் ஷட்டருக்கு முட்டுக் கொடுப்பது போல.

டார்ச்சம்மா கண்ணாடியைக் கழற்றி வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"நல்ல கண்ணுக்கு இது ஒண்ணை ரெண்டாக் காட்டுது," என்றார் அவர் மெதுவாக. "அப்ப, யாருக்கு இது ரெண்டை ஒண்ணாக் காட்டும்?"

கமாவுக்கு விடை தெரிந்துவிட்டது. ஏற்கெனவே எல்லாம் இரண்டாகத் தெரிகிறவருக்கு. வலது கண் தன் இடத்திலிருந்து விலகிப்போனால், அது பார்க்கும் உருவம் பக்கத்தில் தள்ளி விழும். கேக் துண்டு போன்ற கண்ணாடி ஒளியை அதே அளவு எதிர்ப்பக்கம் வளைத்துப் பழைய இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும். விலகல் கூடக் கூடத் தடிப்பும் கூட வேண்டும். கண்ணாடிக்காரர் தன் நோயைத் தன் தொழிலாலேயே மூடி மறைத்திருக்கிறார்.

"அப்ப மாத்திரைதான். கண் கெடும்னு சொன்னாங்களே," என்றான்.

"அந்த மாத்திரை மிஞ்சிப் போனா எல்லாம் மஞ்சளாத் தெரியும், மங்கலாத் தெரியும். மஞ்சளை வளைச்சு நகர்த்தினா வெள்ளையாயிடுமா? அவர் தொழில் தெரிஞ்சவர். உதவாத கண்ணாடியை மூணு தடவை செய்ய மாட்டார்." கைப்பையை எடுத்துக்கொண்டார். "கிளம்பு."

இரண்டாவது மனைவியின் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலிகள். ஒன்றை அவர் இழுத்துப் போடவே இல்லை, நின்றுகொண்டே பேசினார். மெலிந்த உடம்பு, பேசும்போது மூச்சு வாங்கியது. கண்ணாடிகளை நேற்று எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

புற்றுநோய்க்கான இரண்டாவது ஊசி போட்டு வந்த சில நாட்களில் ஒரு காலை, கணவர் கூஜாவிலிருந்து தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாராம். மேசையெல்லாம் ஓடிற்று. டம்ளர் நகர்ந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். அதற்கப்புறம்தான் கண்ணாடி வந்தது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, பொழுது சாய்ந்தால் ஒன்று. சட்டை மாற்றுவது போல மாற்றுவார். கேட்டால், கடைக்குப் புது மாடல், போட்டுப் பார்க்கிறேன் என்பார். ராத்திரி ஆனால் சோற்றை மெல்ல முடியாமல் பாதியில் வைத்துவிடுவார். குரல் மூக்கால் பேசுவது போல ஆகிவிடும். தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாக இருக்கும். நல்லாத்தானே இருக்கேன் என்பார்.

டார்ச்சம்மா கமாவைப் பார்த்தார். காலையில் குறைவு, மாலையில் அதிகம். வெள்ளை, மஞ்சள், சிவப்பு. புள்ளிகள் நேரத்தைக் குறித்தன. உழைக்க உழைக்கத் தளரும் தசை, ஓய்வெடுத்தால் மீளும். நரம்பு சொல்வது தசையின் காதில் சரியாக விழவில்லை.

வாசல்வரை வந்த அந்த அம்மா, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டார். "நான் மாத்திரையைக் கலந்து கொடுத்தேன்னு அவ சொல்றாளாமே?"

கமா குனிந்து செருப்பை மாட்டினான்.

"சொல்லட்டும். அவ அழுதாளா? அன்னைக்கு ஆஸ்பத்திரியில ஒரு சொட்டு அழல. அப்படி இருக்கக் கூடாதுங்க. பக்கத்துல யாராவது இருக்கணும்."

டார்ச்சம்மா அவரையும் வண்டியில் ஏறச் சொன்னார்.

புற்றுநோய் மருத்துவர் தலை நரைத்த பெண்மணி. மூன்று கண்ணாடிகளையும் கதையையும் முன்னால் வைத்ததும் அவர் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். சிவப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தார். உடனே கழற்றினார்.

பிறகு விளக்கினார். நம் உடம்பில் காவல் அணுக்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் அடிப்பவை. சொந்த வீட்டையே அடித்துவிடாமல் இருக்க அவற்றுக்குப் பிரேக் உண்டு. புற்றுநோய்க் கட்டி தந்திரக்காரி, அந்தப் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுகிறது. இந்த மருந்து பிரேக்கைப் பிடுங்கிவிடும். அவிழ்த்துவிட்ட காவல் அணுக்கள் கட்டியைத் தின்னத் தொடங்கும். அப்படித்தான் கண்ணாடிக்காரரின் கட்டி சுருங்கியது. வெகு சிலருக்கு மட்டும் அவை அதோடு நிற்பதில்லை. கண்ணை அசைக்கும் தசை, மெல்லும் தசை, இமையைத் தூக்கும் தசை என்று சொந்த உடம்பின் மேலேயே பாயும். மூன்றும் தளர்ந்தால் அடுத்து இதயத்தைப் பார்க்க வேண்டும்.

"இதயத்துல எங்க?" என்று கேட்டார் டார்ச்சம்மா.

மருத்துவர் காகிதத்தில் வரைந்தார். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. மேலிருந்து கீழே செல்லும் மின்சாரம் நடுவில் ஒரு சின்ன முடிச்சைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த முடிச்சுக்குள் எப்போதுமே சில காவல் அணுக்கள் குடியிருக்கின்றன. தசை அணுக்களோடு தோள் உரசி நின்று, மின்சாரத்தைக் கைமாற்றிவிடும் வேலையும் பார்க்கின்றன என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. துடிப்புக்குத் துணை நிற்பவை அவை. வெறி பிடித்த மற்றொரு கூட்டம் உள்ளே புகுந்து தசையைக் கடிக்கும்போது அந்த இடமே வீங்கி, வழி அடைபடுகிறது. மேல் அறை ஒரு தாளத்தில், கீழ் அறை வேறு தாளத்தில் துடிக்கும்.

"மேல் மாடியில பட்டனை அழுத்தறாங்க, கீழ லிஃப்டுக்குத் தகவலே வரல," என்றார் டார்ச்சம்மா.

மருத்துவர் தலையசைத்தார். விழுந்த அன்று காலையில்தான் அடுத்த ஊசிக்கு முன்னால் அவரிடம் ரத்தம் எடுத்திருந்தார்கள். முடிவு வந்தபோது அவர் இல்லை. இதயத் தசை சிதைந்தால் கசியும் புரதம் அதில் எக்கச்சக்கமாக இருந்தது. மகள் சந்தேகப்படுகிறாள் என்று டார்ச்சம்மா நேற்றே போன் செய்திருந்ததால், மீதி ரத்தத்தில் மாத்திரையையும் தேடச் சொல்லியிருந்தார் மருத்துவர். அதன் தடமே இல்லை; நாள்கணக்கில் கொடுத்திருந்தால் அன்று காலை ரத்தத்தில் இருந்திருக்கும்.

அந்த அம்மா தப்பித்துவிட்டார். கமாவுக்குச் சந்தோஷப்பட வேண்டும் போலிருந்தது, ஆனால் மருத்துவர் முகத்தைப் பார்த்தால் முடியவில்லை.

"ஒவ்வொரு தடவையும் கேட்டேன்," என்றார் அவர். "ஏதாவது ரெண்டா தெரியுதான்னு. இல்ல டாக்டர், எல்லாம் ஒண்ணொண்ணாதான் தெரியுதுன்னு சொன்னார். இதே கண்ணாடியோட எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு."

பொய் சொல்லவில்லை அவர். அந்தக் கண்ணாடி வழியே எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது.

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கமா கேட்டான். கேட்டிருக்க வேண்டாம். மருந்தை நிறுத்தியிருப்போம், ஸ்டீராய்டு கொடுத்து அந்த அணுக்களை அடக்கப் பார்த்திருப்போம், துடிப்புக்குத் துணையாக பேஸ்மேக்கர் வைத்திருப்போம் என்றார் மருத்துவர். நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஆனால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்தது. மருந்தை நிறுத்தினால் கட்டி திரும்பியிருக்குமே என்றான். பலருக்கு நிறுத்தின பிறகும் கட்டி அடங்கியே கிடக்கிறது என்றார்.

வண்டியில் கமா முன் இருக்கையில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பின்னால் அந்த அம்மா சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார். சிரிக்க வைக்கும்படி ஏதாவது சொல்லுவது அவன் வழக்கம். இன்று தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினான்.

கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. மகள் கைப்பையைத் தோளில் மாட்டி, போலீசுக்குப் புறப்படத் தயாராக நின்றாள். அந்த அம்மாவை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு டார்ச்சம்மாவும் கமாவும் குனிந்து உள்ளே போனார்கள். சுவரில் கண் பரிசோதனை எழுத்துகள். மூலையில் தீட்டும் மெஷின், துணி போட்டு மூடியிருந்தது.

மாத்திரை இல்லை என்பதை டார்ச்சம்மா முதலில் சொன்னார். ரத்தத்தில் தேடியாகிவிட்டது, உங்க சித்தி எதுவும் செய்யல என்றார். பிறகு மூன்று கண்ணாடிகளையும் கண்ணாடி மேசை மேல் வரிசையாக வைத்தார்.

"இதுல பவர் இல்ல. இது எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு. இது எப்படி வந்ததுன்னு மட்டும் கேட்க வந்தேன்."

மகள் ஒன்றை எடுத்தாள். பவர் பார்க்கும் கருவிப் பக்கம் போகவில்லை. கட்டைவிரலை வலது கண்ணாடியின் ஓரத்தில் ஓட்டினாள். தடித்த பக்கத்தில் விரல் நின்றது.

"இது நான் தீட்டினது," என்றாள்.

அப்புறம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் சொன்னதைக் கமா பல நாள் மறக்கவில்லை. அப்பா ஒரு நாள் வந்து, யாரோ ஒரு பெரியவருக்காம், இரண்டாகத் தெரிகிறதாம், இந்த அளவில் தீட்டு என்றார். கடைக்கு வர முடியாதவராம், அப்பாவே கொண்டுபோய்க் கொடுப்பாராம். தீட்டிக் கொடுத்தாள், ஃபிரேமில் அப்பாவே பொருத்திக்கொண்டார்; பிறகு அவர் கறுப்பு ஃபிரேம் போட்டு வந்தபோது கடைக்குப் புது மாடல் என்றதை அவளும் நம்பினாள். கொஞ்ச நாளில் அதே பெரியவருக்கு இன்னொன்று, இன்னும் தடிப்பாக. அப்புறம் மூன்றாவது, அதைவிடத் தடிப்பாக. ஓரம் உடையாமல் தீட்ட அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. எரிச்சலில் கேட்டுவிட்டாள்.

"இந்த ஆளு ஏம்ப்பா கண்ணாடியா மாத்திட்டே இருக்கார், டாக்டர்கிட்ட போகாம? நீங்களாவது சொல்லக் கூடாதான்னு கேட்டேன்." குரல் தேய்ந்தது. "சொல்றேம்மான்னார்."

கமா சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினான். மேல் வரிசை பெரிது. கீழே வரவரச் சிறிது.

"அப்பா ஏன் மறைச்சார்னு கேட்க மாட்டீங்களா?" என்றாள் மகள். அவளே சொன்னாள். அம்மா இதே நோயில் போனபோது இப்படி ஒரு மருந்து கிடையாது. அதனால் முதல் ஊசி போட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: எது வந்தாலும் பொறுத்துக்குங்க, யாரும் இதை நிறுத்த விட்டுடாதீங்க. சரிம்மா என்றார். கண்ணைக் கட்டி நடப்பது போல அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டே நடந்துவிட்டார்.

"அப்ப யாரு காரணம்?" என்றாள். "அந்தம்மா இல்லைன்னா, யாரு?"

டார்ச்சம்மா ஸ்டூலை இழுத்து அவளை உட்கார வைத்தார். பழுதான லிஃப்டைக் குடியிருப்பவர்களுக்கு விளக்கும்போது அவர் பேசுகிற குரல் அது. அவசரமில்லாதது.

"யாரும் இல்ல. மருந்து உங்க அப்பாவோட காவல் அணுக்களை அவிழ்த்து விட்டுச்சு. அதுங்க கட்டியைத் தின்னுச்சு. அப்புறம் கண்ணைப் பிடிச்சுச்சு, இமையைப் பிடிச்சுச்சு, கடைசியில இதயத்துக்குள்ள போய் மேலயும் கீழயும் இருக்கிற கம்பியை அறுத்துடுச்சு. கண்ணுல ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சிருந்தா நிறுத்தப் பார்த்திருக்கலாம். தெரியாமப் போனதுக்குக் காரணம், நீங்க ரொம்ப நல்லாத் தீட்டினது. அவர் ரொம்பச் சரியா அளந்தது. அவ்வளவுதான்மா."

மகள் அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு, மூச்சு முட்ட, கைப்பை தோளிலிருந்து சரிந்து விழுவது தெரியாமல். யாரும் தடுக்கவில்லை. நெடுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே வண்டியில் இருப்பது சித்தியா என்று கேட்டாள். கமா ஆமாம் என்றான். உள்ளே வரச் சொல்லுங்க என்றாள். அவன் ஷட்டரை முழுக்க உயர்த்தினான், அந்த அம்மா குனிய வேண்டாமென்று.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் மகள் சிவப்புக் கண்ணாடியை அவர் மடியில் வைத்தாள். அவர் அந்த மயிரிழைக் கம்பியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அந்த டாக்டருக்குப் போன் போட முடியுமா?" என்றாள் மகள்.

டார்ச்சம்மா போட்டுக் கொடுத்தார். மறுமுனையில் மருத்துவர் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினார் போலிருக்கிறது. மகள் இடைமறித்தாள். கமா ஒன்றும் செருகாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"டாக்டர், இந்த மருந்து வேற யார் யாருக்கோ போட்டுக்கிட்டிருப்பீங்க. அவங்ககிட்ட ரெண்டா தெரியுதான்னு கேட்காதீங்க. சாயங்காலம் வரச் சொல்லுங்க. கண்ணாடியைக் கழட்டி மேசையில வைக்கச் சொல்லுங்க. இமை இறங்குதான்னு நீங்களே பாருங்க. விரலைக் காட்டி, எத்தனைன்னு அப்புறமாக் கேளுங்க."